அறுபது நிமிடக் கேசட்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"ஏதாவது பயனுள்ளதா பேசுங்க சார்" என்று செயலாளர் என்னிடம் சொன்னார். வேலைவாய்ப்பு, தொழில் முனைவு என்று பேச இங்கே தகுதியான பலர் இருக்கிறார்கள். நான் ஒரு கேசட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அறுபது நிமிடக் கேசட். இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுமானால், ஒரு பக்கம் முப்பது நிமிடம், திருப்பிப் போட்டால் இன்னொரு முப்பது நிமிடம். அதற்கு மேல் ஒரு பாட்டுக்கூட ஏறாது. அவ்வளவுதான் இடம்.

1980-லிருந்து 1983 வரை நாங்கள் இங்கே படித்தோம். பழைய விடுதியில் பதினேழாம் எண் அறை. இப்போது அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு, அதுவும் போய் இருசக்கர வாகன நிறுத்தம் ஆகிவிட்டது என்று காலையில் பார்த்தேன். அந்த அறையில் சாயங்காலம் ஐந்து பேர் கூடுவோம். பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. ஊர்ப் பெயர்தான். தேனிக்காரன், நாகர்கோவில்காரன், தஞ்சாவூர்க்காரன், ஊட்டிக்காரன், மதுரைக்காரனாகிய நான்.

தஞ்சாவூர்க்காரனுக்கு சிங்கப்பூரிலிருந்து மாமா ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வந்து கொடுத்திருந்தார். ரேடியோவும் உண்டு, கேசட்டும் ஓடும். இளையராஜா பாட்டு அதில் ஓயாமல் ஓடும். இரண்டாம் ஆண்டில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் (பெயர் சொல்லாமலே உங்களில் பலருக்கு அவர் யாரென்று தெரியும்) ஒருநாள் வகுப்பில் கவிதை நடத்தும்போது, "பாப் டிலன்னு ஒருத்தர் இருக்கார். என்கிட்ட அவரோட அஞ்சு இசைத்தட்டு இருக்கு. கேட்கணும்னா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றார். காப்பியும் முறுக்கும் கிடைக்கும் என்று போனோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பாட்டைக் கேட்டதும் தஞ்சாவூர்க்காரன் என் காதில், "என்னடா இது, மூக்கால அழுவுறான்?" என்றான். அவன் வீட்டில் எல்லோரும் கர்நாடக சங்கீதம். சுருதி சேராத குரலைக் கேட்டால் அவனுக்கு வயிற்று வலியே வந்துவிடும். பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "ஒரு மாசம் கழிச்சுச் சொல்லு" என்றார். ஒரு மாதத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

யார் இந்த டிலன் என்று தெரியாத பிள்ளைகளுக்காக இரண்டு வார்த்தை. 1941-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊர். இயற்பெயர் ராபர்ட் ஸிம்மர்மன். 1961-இல் ஒரு கிடாரோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். வுடி கத்ரி என்ற மாபெரும் நாட்டுப்புறப் பாடகர் அப்போது தீராத நோயோடு மருத்துவமனையில் கிடந்தார். அவரைத் தேடிப்போய்ப் பார்த்து, அவர் பாட்டையே அவர் முன்னால் பாடினார் இந்தப் பத்தொன்பது வயதுப் பையன். நம் ஊரில் குருவைத் தேடிப் போகிற கதை மாதிரிதான்.

நாட்டுப்புறப் பாட்டு அவரிடம் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரே உதாரணம். 'ப்ளோயிங் இன் த விண்ட்' என்ற பாட்டை உலகமே பாடியது. அதன் மெட்டு அவர் சொந்தமாகப் போட்டதல்ல. அடிமைகளை ஏலம் விட்ட காலத்தைப் பற்றிக் கறுப்பின மக்கள் பாடிய ஒரு பழைய பாட்டின் மெட்டு. பழைய மெட்டில் புதிய சரக்கை ஏற்றினார். பாரதியார் கும்மி மெட்டிலும் சிந்து மெட்டிலும் விடுதலையைப் பாடினாரே, அதே காரியம். மெட்டு ஊருக்குப் பொது. சொல் பாடுகிறவனுடையது.

நம் நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பில்லாமல் இல்லை. 1967-இல் வந்த 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' இசைத்தட்டின் அட்டையைப் பாருங்கள். டிலன் பக்கத்தில் நிற்பவர்கள் வங்காளத்தின் பாவுல் பாடகர்கள் பூர்ண தாஸும் லட்சுமண் தாஸும். 1971 ஆகஸ்ட் 1 அன்று வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சியிலும் டிலன் வந்து பாடினார்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன்.

மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் பேராசிரியருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. தட்டுகளோடு கிளம்பப் போகிறார். "போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வாங்க. ஒரு கேசட்ல பதிஞ்சு தர்றேன்" என்றார். ஐந்து பேரும் மெஸ் பில்லில் மிச்சம் பிடித்து ஒரே ஒரு கேசட் வாங்கினோம். அறுபது நிமிடம். ஐந்து இசைத்தட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாட்டு இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது?

ஒரு வாரம் பதினேழாம் அறையில் நடந்த சண்டையை இங்கே முழுதாகச் சொன்னால் சாப்பாடு ஆறிவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாகர்கோவில்காரன் முதல் நாளே 'ஹார்ட் ரெய்ன்' பாட்டுக்குத் துண்டு போட்டுவிட்டான். ஏறக்குறைய ஏழு நிமிடம். "எங்கே போயிருந்தாய், என்ன பார்த்தாய்" என்ற தோரணையில் தாய் மகனைக் கேட்கும் பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் ஒன்று உண்டு. அந்த அச்சில் வார்த்த பாட்டு அது. கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது உலகம் அழியப் போகிறது என்று பயந்து எழுதியது என்பான் அவன். அணுகுண்டுதான் அந்த மழை என்று அடித்துப் பேசுவான். பிற்பாடு தெரிந்தது, கென்னடி அந்த நெருக்கடியை அறிவித்தது 1962 அக்டோபர் 22. டிலன் இந்தப் பாட்டை மேடையில் பாடியதோ செப்டம்பரிலேயே. இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது, "அப்ப இன்னும் பெரிய ஆளுதானே! வர்றதுக்கு முன்னாடியே பாடிட்டானே" என்றான். நாகர்கோவில்காரனை யாராலும் ஜெயிக்க முடியாது.

ஊட்டிக்காரன் கான்வென்டில் படித்தவன். அவனுக்கு 'டெசலேஷன் ரோ' வேண்டும். பதினோரு நிமிடத்துக்கு மேல்! ஒரு பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். "மூணு பேருக்குப் போடுற சோத்த ஒருத்தனே திங்கிறான்" என்று தஞ்சாவூர்க்காரன் கத்தினான். ஆனால் அந்தத் தஞ்சாவூர்க்காரன் கேட்டது 'லைக் எ ரோலிங் ஸ்டோன்'. அது ஆறு நிமிடம். "இதுல ஆர்கன் வாசிப்பு ஒண்ணு போதும்டா" என்பான். மூக்கால் அழுகிறான் என்றவன்தான்!

எனக்கு 'டாங்கில்ட் அப் இன் ப்ளூ'. 1975-இல் வந்தது. டிலனின் மண வாழ்க்கை விரிசல் கண்ட காலத்துத் தட்டு. ஒரு காதல் கதை, முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கும். அந்த வயதில் எனக்கு அது ஏன் பிடித்தது என்று கேட்காதீர்கள். என் மனைவி இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

கூட்டிக் கழித்து, விட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்தோம். இரண்டாம் பக்கத்தில் ஏறக்குறைய எட்டு நிமிடம் மிச்சம். பாக்கி இருந்த பாட்டு இரண்டு. 'மிஸ்டர் டாம்பரின் மேன்' ஐந்தரை நிமிடம். 'ஹாட்டி கேரலின் தனித்த மரணம்' என்று பொருள்படும் பாட்டு ஏறக்குறைய ஆறு நிமிடம். இரண்டும் சேர்ந்து ஏறாது.

டாம்பரின் மேன் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தூக்கம் வராத ஓர் இரவு, ஒரு வாத்தியக்காரனைக் கூப்பிட்டு, நீ வாசி, உன் பின்னால் வருகிறேன் என்று சொல்லும் பாட்டு. டிலனோடு வாசித்த கிடார் கலைஞர் ப்ரூஸ் லாங்ஹார்ன் நம் ஊர் தப்பு மாதிரிப் பெரிய தோல் வாத்தியம் ஒன்று வைத்திருந்தாராம். அதைப் பார்த்துதான் எழுதினேன் என்று டிலனே சொல்லியிருக்கிறார். 1965-இல் பைர்ட்ஸ் குழுவினர் இதைச் சுருக்கிப் பாடி முதலிடம் பிடித்தார்கள். அப்படி ஓர் இனிமை.

இன்னொன்று நடந்த சம்பவம். 1963 பிப்ரவரியில் பால்டிமோர் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பணக்காரர்களின் விருந்து. ஹாட்டி கேரல் அங்கே வேலை செய்த 51 வயதுக் கறுப்பினப் பெண். பிள்ளைகுட்டிக்காரி. புகையிலைப் பண்ணைச் செல்வந்தர் வீட்டு இளைஞன் ஒருவன், 24 வயது, குடித்துவிட்டு வந்தான். கேட்ட பானம் வரத் தாமதமாயிற்று என்று திட்டினான், கையிலிருந்த பிரம்பால் அடித்தான். சில மணி நேரத்தில் அந்த அம்மாள் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். வழக்கு நடந்தது. தண்டனை என்ன தெரியுமா? ஆறு மாதம். தீர்ப்பு வந்த நாள் 1963 ஆகஸ்ட் 28. மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் தம் கனவைச் சொன்ன அதே நாள். அந்த மேடையில் டிலனும் பாடிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வயதில் அவர் எழுதிய இந்தப் பாட்டில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. அந்த அம்மாள் கறுப்பினத்தவர் என்று எங்கேயும் சொல்லவில்லை. அவர் செய்த வேலையை மட்டும் சொல்கிறார். தட்டெடுப்பது, குப்பை கொட்டுவது, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களோடு பேச்சுக்கூடக் கிடையாது என்பது. நம் ஒப்பாரியில் அழுகை முதலிலேயே வந்துவிடும். இதில் மூன்று முறை கேட்பவனின் கண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறார். நீதிபதி வாயால் அந்த ஆறு மாதத்தைச் சொன்ன பிறகுதான் அழ விடுகிறார்.

இவ்வளவும் இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

ஹாட்டி கேரல் வேண்டுமென்று கேட்டவன் தேனிக்காரன். தமிழ் வழியில் படித்து வந்தவன். ஆங்கிலம் அவனுக்கு இரும்புக் கடலை. பேராசிரியர் வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஊசியைத் திருப்பித் திருப்பி வைத்து, அகராதி பார்த்து, அந்த ஒரு பாட்டை முழுக்க நோட்டில் எழுதி வைத்திருந்தான். எங்களில் வேறு எவனும் எந்தப் பாட்டுக்கும் அப்படிச் செய்ததில்லை. ஒரு வாரச் சண்டையில் அவன் பேசியது இரண்டே வாக்கியம். "இத மட்டும் போட்டுருவோம்ப்பா. தட்டுக் கழுவுற பொம்பளையப் பத்தி வேற எவன் பாடியிருக்கான்?"

ஓட்டுக்கு விட்டோம். நாகர்கோவில்காரன் தேனிக்காரன் பக்கம். தஞ்சாவூரும் ஊட்டியும் டாம்பரின் மேன் பக்கம். இரண்டுக்கு இரண்டு. என் ஓட்டுதான் பாக்கி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டேய், அது பேப்பர்ல வந்த நியூஸ்டா. மெட்டு எங்க இருக்கு? கேசட்டுல பாட்டப் போடுவோம், தினசரியப் போட வேணாம்." எல்லோரும் சிரித்தார்கள். தேனிக்காரனும் சிரித்த மாதிரிதான் இருந்தது. டாம்பரின் மேன் ஏறியது.

அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்க அந்தக் கேசட் ஓடியது. ஒன்று மட்டும் கவனித்தேன். இரண்டாம் பக்கம் டாம்பரின் மேன் வரும்போது தேனிக்காரன் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவான். கோபம் போலிருக்கிறது, ஆறிவிடும் என்று நினைத்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்து அவன் ஊருக்குப் போனேன். அப்போது தேனி தனி மாவட்டமல்ல, மதுரை மாவட்டம். ஓட்டு வீடு, ஒரே அறை. அவன் அம்மா, "வா சாமி, மகன் உன்னையப் பத்திச் சொல்லாத நாளில்ல" என்று கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். பேச்சு வாக்கில்தான் தெரிந்தது. ஒரு பெரிய வீட்டில் பதினோரு வருஷம் பாத்திரம் தேய்த்தவர்கள். அந்த வீட்டில் ஒருநாள் வெள்ளித் தம்ளர் ஒன்றைக் காணவில்லை. தெருவில் நிற்க வைத்து முந்தானையை உதறச் சொன்னார்களாம். கன்னத்தில் ஓர் அடி. மகன் அப்போது எட்டாவது படிக்கிறான், பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஒரு வாரம் கழித்துத் தம்ளர் அந்த வீட்டுப் பூஜை அறையிலேயே கிடைத்தது. அதைச் சொல்லிவிடக்கூட யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

"அதெல்லாம் பழைய கதை சாமி, இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்க" என்றார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தேனிக்காரன் என் முகத்தையே பார்க்கவில்லை, தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பாட்டு யார் பாட்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. "தினசரியப் போட வேணாம்" என்றவன் அந்த அம்மா கையால் சாப்பிடுகிறேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கேசட்டில் அழித்து மாற்றிப் பதியலாம் என்றால் தட்டுகள் பேராசிரியரோடு போய்விட்டன. பிறகு வேலை, கல்யாணம், குழந்தை, மாற்றல். பொங்கல் வாழ்த்து அனுப்புவோம். அவன் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனான். தொழிலாளர் வழக்குகள்தான் அதிகம்.

2016 அக்டோபர் 13 அன்று பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு என்று செய்தி வந்தது. முப்பத்து மூன்று வருடம் கழித்துப் பதினேழாம் அறை வாட்ஸ்ஆப்பில் திறந்துகொண்டது! பாட்டுக்காரனுக்கு இலக்கியப் பரிசா என்று ஊரெல்லாம் விவாதம். தஞ்சாவூர்க்காரன், "தேவாரத்தப் படிச்சா வளர்த்தோம், பாடித்தானே வளர்த்தோம்?" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதினான். டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோம் விழாவுக்கு டிலன் போகவில்லை. பட்டி ஸ்மித் என்ற பாடகி போய் அவருக்காகப் பாடினார். எந்தப் பாட்டு? ஹார்ட் ரெய்ன்! நாகர்கோவில்காரனைப் பிடிக்க முடியவில்லை. பாதியில் அந்த அம்மையார் தடுமாறி நின்றார். மன்னிக்க வேண்டும், பதற்றமாக இருக்கிறது என்று சபையில் சொல்லிவிட்டு மறுபடி தொடர்ந்து பாடி முடித்தார். மன்னர் உட்கார்ந்திருக்கிற சபை அது.

அதைப் பார்த்த இரவுதான் எனக்குத் தைரியம் வந்தது. தேனிக்காரனுக்குப் போன் போட்டேன். "மாப்ள, அந்த ஓட்டு விஷயம்..." என்று இழுத்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அன்னைக்கு ராத்திரி உன்னைய அடிக்கணும்னு இருந்துச்சு" என்றான். "நியாயந்தான்" என்றேன். "ஓட்டுப் போட்டதுக்கு இல்லடா. ஏன் கேக்குறேன்னு ஒருத்தனாவது கேட்டீங்களா?" என்றான்.

அந்தப் பாட்டைக் கேட்டுத்தானே வக்கீல் ஆனாய் என்று கேட்டேன். "பாட்டக் கேட்டு எவனாச்சும் வக்கீல் ஆவானா? எங்க மாமா வக்கீல் குமாஸ்தா, சீட்டு வாங்கிக் குடுத்தாரு" என்று சிரித்தான். அடுத்து அவன் சொன்னதைக் கேளுங்கள். "இப்பல்லாம் அந்தப் பாட்டக் கேக்குறதில்ல மாப்ள. பகல் பூரா கோர்ட்டுல அதத்தான கேக்குறேன். ராத்திரி படுக்கும்போது டாம்பரின் மேன் போட்டுக்குவேன்."

நானோ, அவன் வீட்டில் சாப்பிட்ட நாளுக்குப் பிறகு எங்கே கிடைத்தாலும் ஹாட்டி கேரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டோம். யார் சொன்னது சரி என்று கேட்டால், எட்டு நிமிடத்தில் அதற்கு இடமில்லை என்றுதான் சொல்வேன்.

ரசிகர்களின் சண்டை உலகம் முழுக்க இருந்ததுதான். 1965-இல் நியூபோர்ட் விழாவில் டிலன் மின்சாரக் கிடாரைத் தூக்கியபோது கூச்சல் போட்டார்கள். மறு ஆண்டு மான்செஸ்டரில் ஒரு ரசிகர் அவரைப் பார்த்து 'யூதாஸ்' என்று கத்தினார். நம்முடைய பாட்டை வைத்துக்கொண்டு இன்னொருவன் பாட்டை மட்டம் தட்டுவது சுலபம். நான் செய்தேன்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு அறுபது நிமிடக் கணக்கு இல்லை. உலகத்துப் பாட்டெல்லாம் கைபேசியில் கிடக்கிறது. எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனாலேயே பக்கத்து அறைக்காரனோடு சண்டை போடவும் வேண்டியதில்லாமல் போய்விட்டது. காதில் மாட்டிக்கொண்டு அவரவர் பாட்டை அவரவர் கேட்கிறீர்கள். சண்டை போடுங்கள் என்றுதான் சொல்வேன். நல்ல பாட்டுக்காகப் போடுகிற சண்டை நல்ல சண்டை. ஓட்டுக் கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு ஏன்டா இது பிடிச்சிருக்கு?" நான் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

தேனிக்காரன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நிற்கச் சொன்னால் கோபித்துக்கொள்வான், சொல்லவில்லை. தஞ்சாவூர்க்காரன் அந்தப் பழைய கேசட்டையும் ஓடக்கூடிய ஒரு டூ-இன்-ஒன்னையும் காரில் கொண்டு வந்திருக்கிறான். சாப்பாடு முடிந்ததும் பழைய இயற்பியல் கூடத்துக்கு வாருங்கள், இரண்டு பக்கமும் போடுவோம். கேசட் முடிந்ததும், விட்டுப்போன அந்த ஒரு பாட்டை என் பேத்தி கைபேசியில் போடுவாள். யாரும் டீ குடிக்க எழுந்து போகக் கூடாது.